எல்லாருக்கும் ஒரே சாவு

தியேட்டரில் படம் பார்க்க மாட்டிக்கொள்ளும் கண்ணாடியில் அவரவருக்குப் பிடித்த முடிவு ஓடும் காலம் அது. ஸ்டெல்லா ராயன் தானே தயாரித்து, தானே ஊர் ஊராகக் கொண்டுபோய் ஓட்டும் படத்துக்கு மட்டும் கண்ணாடி கிடையாது. முடிவும் ஒன்றுதான். நாயகன் பாலத்திலிருந்து கடலில் விழுந்து சாகிறான், எல்லோருக்கும் சாகிறான்.

தூத்துக்குடியில் முதல் காட்சி முடிந்ததும் தியேட்டர்காரர் இசக்கிமுத்து பதறிக்கொண்டு வந்தார்.

"மேடம், வாசல்ல புருசன் பொண்டாட்டி சண்ட! அவன் குதிச்சான்னு அவரு சொல்லுதாரு, தவறி விழுந்தான்னு அந்தம்மா சொல்லுதாவ. இருவது வருசமா இங்க இப்படி ஒரு பேச்சே கெடையாது. அவனவன் படத்தப் பாத்துட்டு அவனவன் போயிருவான். பாதிப் பேரு பணத்தத் திருப்பிக் கேக்காவ. அடுத்த காட்சியிலயாவது அவனப் பொழைக்க வச்சிருங்க."

"பணத்தத் திருப்பிக் குடுங்க இசக்கி. அவன் உசுரத் திருப்பிக் குடுக்க மாட்டேன்."

அதற்குள் அந்த இருவரும் சண்டையோடே கவுண்டருக்கு வந்துவிட்டார்கள்.

"அடுத்த காட்சிக்கு ரெண்டு டிக்கெட்," என்றாள் மனைவி. "பக்கத்துப் பக்கத்து சீட்டாக் குடுங்க. இவருக்கு நான் காட்டணும்."

ஸ்டெல்லா தன் கையாலேயே டிக்கெட்டைக் கிழித்து நீட்டினாள்.

"நல்லாப் பாருங்க. அதுலயும் சாவான்."