கொம்பரணையின் முட்டை

மலையூரான கிளாவரையில் மத்தியானமே மஞ்சுமூட்டம் இறங்கிவிடுகிறது. பூண்டுக் கொட்டகையின் மூலையில், கம்பிக்கூண்டுக்குள் கொம்பரணை படுத்திருக்கிறது. ஆட்டுக்குட்டி அளவு உடம்பு, நெற்றியில் ஒற்றைக் கொம்பு. காலையில் நடந்த பந்தயச் சண்டையில் எதிரே விட்ட கொம்பரணையைக் கொன்றுவிட்டுத்தான் வந்திருக்கிறது. ஆனால் அதன் விலாவும் கிழிந்து, மூச்சு விடும்போதெல்லாம் ரத்தம் கசிகிறது. கொம்பரணை தனக்காகச் சண்டை போடாது. முட்டைக்காகத்தான் கொல்லும். அதனால் சண்டைக்கு முன்னால் உருளைக்கிழங்கை வெந்நீரில் சூடாக்கி அதன் வயிற்றுக்கடியில் வைப்பது இந்த ஊர் வழக்கம். இன்று அப்படி வைத்தவள் லீமா. அந்தக் கிழங்கை அது இன்னும் அடைகாத்துக்கொண்டிருக்கிறது.

"கெழங்கை எடுத்தாத்தேன் இரை எடுக்கும். வெரசா எடு," என்கிறான் அவள் புருஷன் ராபின். போன வருஷம் இதே வேலையில் இரண்டு விரலைப் பறிகொடுத்தவன். வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை.

"பாவங்க. பொரிக்கும்னு நம்பிக் கெடக்கு."

லீமா கூண்டுக்குள் கையை விடுகிறாள். கொம்பரணையின் தொண்டை நீலமாகிறது. பாயப்போகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். பயத்தில் அவளுக்குக் கையை இழுக்கக்கூட வரவில்லை. அது எழப் பார்க்கிறது, பின்கால் மடங்கிவிடுகிறது. நாக்கை நீட்டி அவள் விரலைத் தொடுகிறது. அடுப்படியிலிருந்து நேரே வந்த கை, இன்னும் வெதுவெதுப்பு போகவில்லை. நீலம் மெல்ல வடிகிறது. பிறகு மூக்கால் கிழங்கை அவள் பக்கம் தள்ளுகிறது. உள்ளங்கைக்குள் உருண்டு சேரும்வரை தள்ளுகிறது.

"எடுத்துட்டியா?"

கிழங்கு சில்லிட்டிருக்கிறது. லீமா அதை ஸ்வெட்டருக்குள், வயிற்றோடு வைத்து மூடிக்கொள்கிறாள். அதைப் பார்த்த பிறகுதான் கொம்பரணை தலையைத் தரையில் சாய்க்கிறது.