மாப்பிள்ளை ஏற்றிய பாரம்

"ஒரே ஒரு நாள் மாப்பிள்ளை ஓட்டினார். வண்டி அழுவுது பாரு!"

மாமனார் தன் பிக்கப் வண்டியின் பின்சக்கரத்தைச் சுட்டிக் காட்டினார். உட்பக்கமாக எண்ணெய் வழிந்து டயர் வரைக்கும் வந்திருந்தது. மாப்பிள்ளை குற்றவாளிக் கூண்டில் நிற்பவர் மாதிரி தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

மெக்கானிக்குக்குத் தன் கண்ணையே நம்ப முடியவில்லை. மெக்கானிக் என்றாலே திருடன் என்பது பெரியவரின் கொள்கை. தன் வண்டிக்குத் தானே வைத்தியம் பார்த்துக்கொள்வார். பட்டறையைத் தாண்டும்போது ஏளனமாக ஒரு ஹார்ன் அடிப்பாரே தவிர, உள்ளே காலெடுத்து வைத்ததில்லை.

"என்ன ஐயா, அதிசயமா இந்தப் பக்கம்?"

"ரிப்பேருக்கு வரலப்பா. அது எனக்கே தெரியும். சாட்சிக்கு வந்திருக்கேன். போன வாரம்தான், எண்ணெய் வெளியே கசியாம தடுக்கிற ஆக்ஸில் சீலை என் கையாலேயே மாத்தினேன். கல்லு மாதிரி இருந்துச்சு. சாமான் ஏத்தணும்னு இவர் கேட்டார், கொடுத்தேன். கண்டமேனிக்குப் பாரம் ஏத்தி சீலைக் கிழிச்சுட்டார். கழட்டிப் பார்த்து நீயே உன் வாயால சொல்லு."

"பாரம் கொஞ்சம் அதிகமாயிடுச்சு மாமா. தப்புதான்."

"கொஞ்சமா! நாளைக்குக் காலையில பேத்தியை இதுலதானே ஸ்கூல்ல விடணும்? தாத்தா வண்டின்னா அவளுக்கு உசிரு. நடுரோட்டுல பிரேக் பிடிக்கலைன்னா யாரு பதில் சொல்றது? மாப்பிள்ளை சாரா?"

மாப்பிள்ளை சார் குனிந்து முன்சக்கரத்துக்கு ஒரு கல்லை முட்டுக் கொடுத்தார்.

மெக்கானிக் ஜாக்கி கொடுத்துச் சக்கரத்தைக் கழற்றினார். டிரம்மை எடுத்ததும் முகம் மாறியது. பிரேக் ஷூ எண்ணெயில் ஊறுகாயாகக் கிடந்தது. அந்தச் சக்கரத்துக்குப் பிரேக் இருப்பதும் ஒன்றுதான், இல்லாததும் ஒன்றுதான்.

ஆக்ஸிலை உருவிவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தார். சீலில் ஸ்பிரிங் இருக்கும் பக்கம் உள்ளே எண்ணெயைப் பார்த்து இருக்க வேண்டும். இந்த சீலோ திரும்பி உட்கார்ந்துகொண்டு, வெளியே நிற்பவர்களைப் பார்த்து இளித்துக்கொண்டிருந்தது.

கரும்பு தின்னக் கூலியா? இத்தனை வருஷம் திருடன் பட்டம் கொடுத்தவர் இதோ கையும் களவுமாகச் சிக்கிவிட்டார். மெக்கானிக் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஐயா, இந்த சீலைப் பார்த்தீங்கன்னா..."

"பாரத்துல கிழிஞ்சிருக்கும், இல்லையாண்ணே?"

அவசரமாகக் குறுக்கிட்ட மாப்பிள்ளை, மாமனாரின் முதுகுக்குப் பின்னால் நின்று இரண்டு கையையும் கூப்பினார்.

மெக்கானிக் வாய் வரை வந்த இனிப்பை விழுங்கினார். "ஆமா... பாரம்தான்."

"கேட்டுக்கோங்க!" மாமனார் ஒரு சாண் வளர்ந்துவிட்டார். "சீல், பிரேக் ஷூ, எது எது போச்சோ எல்லாத்தையும் புதுசா போடுப்பா. ஓட்டிப் பார்த்துட்டு, நீ திருப்தின்னு சொன்னாதான் எடுப்பேன். செலவு மாப்பிள்ளையோடது. அப்பதான் புத்தி வரும்."

சொல்லிவிட்டு மனைவிக்குப் போன் போட்டுக்கொண்டே தெருவில் இறங்கினார். "கேட்டியா? மெக்கானிக்கே ஒத்துக்கிட்டான்! உன் அருமை மாப்பிள்ளை..."

குரல் தேய்ந்ததும் மெக்கானிக் திரும்பினார். "தம்பி, அப்படி என்னதான் ஏத்துனீங்க?"

"ஒரு மெத்தை. ரெண்டு தலகாணி."

"அடேயப்பா, தலகாணி ரெண்டா! வண்டி எப்படித் தாங்கும்?" மெக்கானிக் சீலை நெம்பி எடுத்து நீட்டினார். "உங்க மாமனார் இதைத் திருப்பி மாட்டி வெச்சிருக்கார்."

"அப்படி ஏதாவது இருக்கும்னு தெரியும்ணே. வண்டியை எடுக்கும்போதே ஒழுகிட்டுதான் இருந்துச்சு. பிரேக் அடிச்சா ஒரு பக்கமா இழுத்துச்சு."

"தெரிஞ்சுமா இத்தனை பேச்சு வாங்குனீங்க? மாமனார்னா அவ்வளவு பயமா?"

"பயம் மாமா மேல இல்லண்ணே. அவர் தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அவரே கழட்டி, அவரே மாட்டி, காலையில என் பொண்ணை ஏத்திக்கிட்டுக் கிளம்பியிருப்பார். என் தப்புன்னு நிரூபிக்கணும்னுதானே வண்டி ஜென்மத்துல முதல் தடவையா மெக்கானிக்கிட்ட வந்திருக்கு!"