பட்டை

ஓட்டுநர் இரவில் ஒழுங்காக மூச்சு விட்டுத் தூங்கியிருந்தால்தான் காலையில் திருச்செந்தூர் பஸ் கிளம்பும். அதை அளப்பது, படுக்கும்போது மார்பில் கட்டிக்கொள்ளும் ஒரு பட்டை. ஓட்டுநர் சிலுவைமுத்துவுக்குக் குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று நின்று வரும். அதனால் பட்டையை அவன் மனைவி ரோஸ்லின் கட்டிக்கொண்டு படுப்பாள். பஸ்ஸும் சமத்தாகக் கிளம்பிக்கொண்டிருந்தது.

இன்று கிளம்பவில்லை. "நீங்கள் இரவு முழுக்கத் தூங்கவில்லை. பிரேக் மிதிக்கத் தாமதமாகும். இறங்குங்கள்" என்றது. பயணிகளும் சேர்ந்து இறங்கினார்கள்.

வீட்டுக்கு வந்து கத்தினான். "தூங்குறதத் தவிர ராத்திரி உனக்கு வேற என்ன வேல? அதக்கூட செய்ய மாட்டியா?"

"நேத்து சிக்னல்ல சிவப்பு விழுந்தப்புறமும் பஸ்ஸ விட்டீங்களாம்லா? மேல் வீட்டு அக்கா சொன்னாவ. பயத்துல உங்க மூச்சையே கேட்டுக்கிட்டுக் கெடந்தேன். நிக்கிறப்பல்லாம் உலுக்கி எழுப்புனேன்."

"என்னய எழுப்புனியா? எப்ப?"

ரோஸ்லின் காபி டம்ளரை நீட்டி, பிடியை விட்டாள். அவன் கை வந்து சேர்ந்தபோது டம்ளர் தரையில் உருண்டுகொண்டிருந்தது.

காபியைத் துடைப்பதற்கு முன்பே, இன்னும் தன் மார்பிலேயே இருந்த பட்டையைக் கழற்றி அவனுக்குக் கட்டிவிட்டாள்.