கோழிக்குக் கக்கூஸ் எதற்கு?

“அண்ணாச்சி, எங்களுக்கு ஒரு கக்கூஸ் கட்டித் தாங்க.” இந்த வெடிக் கம்பெனியில் சேரும்போதே, இதை மட்டும் கேட்டுவிடாதே என்று அம்மா சொல்லியிருந்தாள்; கேட்டுவிட்டேன். வெடிச்சரம் பின்னும் கைகள் எல்லாம் நிற்கின்றன. பக்கத்தில் அம்மா என் தொடையைக் கிள்ளுகிறாள். வாசல் வெயிலில் எல்லோர் முழங்கையிலும் மருந்துப் பொடி மினுங்குகிறது. காலையில் வேனிலிருந்து இறக்கிய தண்ணீர் பாட்டில்கள் இன்னும் நிறைந்தே இருக்கின்றன. குடித்தால் காட்டுக்குப் போக வேண்டும். காட்டோரம் லாரிக்காரர்கள் நிற்கிறார்கள். போர்மேன் முனியராஜ் உடைமரத்தடியில் கிளறும் கோழியைக் காட்டிச் சிரிக்கிறார். “அங்கன பாருத்தா. அது என்னைக்காச்சும் ஒண்ணுக்குப் போயிருக்கா?” “போகத்தான் செய்யுது அண்ணாச்சி. எச்சத்துல வெள்ளையா இருக்கே, அதுதான் மூத்திரம். நான் விலங்கியல் படிச்சவ. தண்ணி கொறஞ்சா அது மூளையில ஒரு ஹார்மோன் சுரந்து கிட்னியில தண்ணிய நிப்பாட்டும். இன்னொரு ஹார்மோன் சொல்லி, மூத்திரத்தோட வெளிய போற உப்பையும் தண்ணியையும் குடலு திரும்ப எடுத்துக்கிடும். எங்களுக்கு அந்தக் குடலு இல்ல. நீர்க்கடுப்புதான் இருக்கு.” யாரோ ஒருத்தி களுக்கென்று சிரிக்கிறாள். கோழி வாலைத் தூக்கி வெள்ளையாகப் போட்டுவிட்டு நகர்கிறது. “ஒனக்கு வேலை வேணுமா, வேண்டாமா?” அவர் முகத்தில் இப்போது சிரிப்பில்லை. நான் பாட்டிலைத் திறந்து கடைசிச் சொட்டுவரை குடிக்கிறேன். ஆபீசுக்குப் பின்னால் முதலாளிக்கு மட்டும் என்று ஒரு கக்கூஸ் இருக்கிறது. எழுகிறேன். அம்மா தன் பாட்டில் மூடியைத் திருகித் திறக்கும் சத்தம் கேட்கிறது. திரும்பிப் பார்க்காமல் வெயிலில் இறங்கி அந்தக் கக்கூஸ் கதவை நோக்கி நடக்கிறேன்.