இருவர் ஆடும் ஆட்டம்

"கேன்சல் பண்ண முடியாதா?"

ஃபெபி இப்படிக் கேட்டதும் ஜெனோவுக்குத் திக்கென்றது. கையிலிருந்த ஃபோனில் இரண்டு வீரர்கள் பனிமலை ஏறிக்கொண்டிருந்தார்கள். இன்னும் வெளிவராத அந்த கேமை முன்பதிவு செய்துவிட்டதாகப் பெருமையாகச் சொல்லி, அப்போதுதான் அதன் முன்னோட்டத்தைப் போட்டுக் காட்டியிருந்தான்.

"இது ரெண்டு பேரு சேந்து விளையாடுதது ஃபெபி. ஒருத்தர் கயித்தப் பிடிச்சாத்தான் இன்னொருத்தர் ஏற முடியும். நம்ம கல்யாணம் முடிஞ்ச கையோட வந்துரும். நமக்குன்னுதான் போட்டு வச்சேன்."

ஃபெபி திரையைப் பார்க்கவில்லை. "அவசரப்பட்டாச்சு" என்றாள் மெதுவாக.

போச்சுடா என்று நினைத்துக்கொண்டான் ஜெனோ. பெண் பார்த்த வீட்டிலெல்லாம் இதே கதைதான். மாப்பிள்ளைக்கு நல்ல வேலை, நல்ல குணம், ஆனால் இந்த வயதிலும் சின்னப் பிள்ளை மாதிரி கேம் விளையாடுகிறானாமே என்று கையை விரித்துவிடுவார்கள். கடைசியில் ஃபெபி வீட்டில்தான் சரி என்றார்கள். இவளும் போய்விட்டால் தன் கதை அவ்வளவுதான் என்று அவனுக்குத் தெரியும்.

பாளையங்கோட்டையில் ஞாயிறு காலை ஆராதனை முடிந்து கிறிஸ்தவக் கோயில் வளாகத்தில் சனம் கலைந்துகொண்டிருந்தது. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை இருந்தால் சொல்லுங்கள் என்று சபைக்கு அறிவிக்கிற ஓலையை அன்றுதான் முதல் தடவையாகப் போதகர் ஐயர் வாசித்திருந்தார். யாரும் வாயைத் திறக்கவில்லை. கொஞ்சம் பேச வேண்டும் என்று ஃபெபியே டவுனிலிருந்து பஸ் ஏறி அவன் சபைக்கு வந்திருந்தாள். ஜெனோவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

பாடகர் குழு இன்பமணி அண்ணாச்சி அந்தப் பக்கமாகப் போனவர் சும்மா போவாரா?

"ஏ மாப்ளே, ஃபோன எப்பம் வேணாலும் பாக்கலாம்வே. பொண்ணப் பாரும்!"

ஜெனோ பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். ஃபெபி சிரிக்கவில்லை.

"முழுசாத் தெரியாம எப்படி ஒத்துக்கிட முடியும்? பின்னால சரிப்பட்டு வரலைன்னா என்ன செய்ய?" என்றாள்.

கேட்டது நியாயம்தான். ஜெனோவின் கூட்டாளி சுபினும் இதையேதான் சொல்லித் திட்டியிருந்தான். 'கூறு கெட்டவனே, வெளிய வரட்டும்லே, நாலு பேரு விளையாடிப் பாத்துச் சொன்ன பொறவு வாங்குனா என்ன கொறஞ்சிருவ?' போன தடவை ஜெனோ முன்பதிவு செய்த கேமில் கதாநாயகனின் உடம்பு ஒரு பக்கமும் தலை ஒரு பக்கமுமாக ஓடியது. அப்படியும் புத்தி வந்ததா என்றால் இல்லை. காட்டுவதை அப்படியே நம்பிவிடுகிற ஜென்மம் அவன்.

"மொதல்ல அப்படி இப்படித்தான் இருக்கும் ஃபெபி. பொறவு கம்பெனிக்காரன் பேட்ச் விட்டுத் திருத்திருவான். போகப் போக எல்லாம் சரியாயிரும்."

"எங்க அம்மாவும் இதத்தான் சொல்லுதாங்க. போகப் போக சரியாயிருமாம்."

மாமியாருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று ஜெனோவுக்கு ஆச்சரியம். பரவாயில்லையே, விவரமான குடும்பம்தான் என்று உள்ளுக்குள் மெச்சிக்கொண்டான்.

"இப்பம் வேண்டாம்னு சொன்னா எல்லாரும் சண்டைக்கு வருவாங்களா?" ஃபெபி குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"சேச்சே! வெளிவருததுக்கு முந்தின நாளு வரைக்கும் கேன்சல் பண்ணிக்கிடலாம். ஏன் எதுக்குன்னு ஒருத்தனும் கேக்க மாட்டான். ஒரு அமுக்கு அமுக்கினா முடிஞ்சு போச்சு."

"ஏன்னு கூடக் கேக்க மாட்டாங்களா?" அவள் முதல் தடவையாக நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் கண் நிறைந்து கன்னத்தில் வழிந்தது. முந்தானையால் துடைக்கத் துடைக்க அது நின்றபாடில்லை.

ஜெனோ பதறிப்போனான். ஒரு கேமுக்காக ஒரு பெண் பிள்ளையைக் கோயில் வாசலில் அழ வைத்துவிட்டோமே என்று தன்னையே நொந்துகொண்டான். இந்த கேம் வரப்போகிறது என்று அறிவித்த நாளிலிருந்து வருஷக்கணக்காகக் காத்திருந்தவன். அதில் ஏறுகிற பெண்ணுக்கு ஃபெபி என்று பெயர் வைக்கக்கூட முடிவு செய்திருந்தான். அதெல்லாம் இவளை விடப் பெரிதா என்ன?

ஃபோனைத் திருப்பி முன்பதிவுப் பக்கத்தைத் திறந்தான். நிச்சயமாக ரத்து செய்யவா என்று கேட்டது. அவன் விரல் ஒரு கணம் தயங்கியது உண்மை. பிறகு அழுத்திவிட்டான்.

"அழாத ஃபெபி. இந்தா பாரு, கேன்சல் பண்ணியாச்சு." ஃபோனை அவள் பக்கம் நீட்டினான். "இனிமே கேமே கெடையாது. வீட்டுல இருக்குத கேம் பெட்டியையும் யாருக்காச்சும் குடுத்துருதேன். எனக்கு நீ போதும். இப்பம் சந்தோசம்தானே?"

ஃபெபி அந்தத் திரையைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். அவள் அழுகை இன்னும் கூடியது.

"நான் கேமச் சொல்லல."