வேதகிரியின் அசதி

“நான் பொய் சொல்லல டாக்டரம்மா. காலைல எந்திரிக்கும்போதே ஒடம்பு அசதியா கீது. ஊரே சோம்பேறின்னு சிரிக்குது.”

வேதகிரி பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்தார். அவர் மணிக்கட்டில் மஞ்சள் காப்பு. அசதி தீர்ந்தால் போதுமென்று திரௌபதி அம்மன் கோயிலில் தீ மிதிக்க வேண்டிக்கொண்டு கட்டியது. மனைவி அம்முலு சுவரோரமாக நின்றாள்.

டாக்டர் சசிரேகாவுக்கு அந்த அசதிதான் தலைவலி. காரணம் தெரியாமல் சோர்ந்துபோகும் முதியவர்களைப் பற்றி உத்திரமேரூர் பக்கத்துக் கிராமங்களில் ஆராய்ச்சி செய்கிறாள். வேதகிரிக்கு ரத்த சோகை இல்லை, சர்க்கரை இல்லை, தைராய்டு இல்லை. மனிதர் வேண்டுமென்றே நடிக்கிறாரோ என்றுகூடச் சந்தேகப்பட்டாள்.

கடைசி முயற்சியாகப் போன வாரம் ஒரு கைப்பட்டை கொடுத்திருந்தாள். நாடித் துடிப்பு, நடமாட்டம், தூக்கம் எல்லாவற்றையும் அது பதிவு செய்யும். குளித்துவிட்டுக் கட்டிக்கொள்வதாகச் சொல்லி அவர் அதைப் பயபக்தியோடு மேல்துண்டில் வாங்கிக்கொண்டு போனார். இப்போது அதே துண்டிலிருந்து எடுத்து நீட்டினார்.

பட்டையைக் கணினியில் இணைத்தபடியே சசிரேகா, “நீங்களும் உட்காருங்கம்மா. உங்களுக்கு அசதி ஏதாவது உண்டா?” என்றாள்.

“எனக்கின்னாம்மா? நல்லாத்தான் கீறேன். இவரப் பாருங்க.”

போன தடவையும் இதையேதான் சொன்னாள். அதனால்தான் அம்முலு ஆராய்ச்சியில் சேரவில்லை.

திரையைப் பார்த்த சசிரேகா திடுக்கிட்டாள். சந்தேகப்பட்டதற்கு வெட்கமாகவும் இருந்தது.

“ஐயா, நீங்க சோம்பேறியே இல்லை! கோழி கூவறதுக்கு முன்னாடி எழுந்தா ராத்திரி வரைக்கும் உட்காரவே இல்லை. தூக்கத்துலகூட நாடி தாறுமாறா ஓடுது. இப்படியே விட்டா ஒருநாள் நின்ன இடத்துலயே விழுந்துடுவீங்க.”

வேதகிரி பூரித்துப்போனார். “பாத்தியா அம்முலு? மிஷினே சொல்லிடுச்சி!”

அம்முலு புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “இவருக்கு ஒண்ணும் ஆவாதேம்மா? ஒரு துரும்பக்கூட நான் தூக்க வுட்டதில்லியே.”

“பயப்படாதீங்க. ஆனா முழு ஓய்வு வேணும். மாடு, கழனி, தண்ணி சுமக்கறது, ஒரு வேலையும் கூடாது. எல்லாத்தையும் நீங்கதான் பார்த்துக்கணும்.”

“சரிம்மா” என்று அம்முலு தலையாட்டினாள்.

“நாளைக்கே காஞ்சிபுரத்துல இதய டாக்டரைப் பார்த்துடலாம். அதுவரைக்கும் பட்டை கையிலேயே இருக்கட்டும்.”

வேதகிரி பட்டையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மனைவி பக்கம் திரும்பினார்.

“காப்பு கட்டிக்கினு ஒடம்புல வேற எதையும் கட்டக்கூடாது டாக்டரம்மா, அம்மன் குத்தமாயிடும். புருசன் பொஞ்சாதில இன்னா பேதம்? இந்தா அம்முலு, போன வாரம் மாரியே நீயே கட்டிக்க.”

அசதி என்ற ஒன்றையே அறியாத அம்முலு, பட்டையின் தடம் இன்னும் மறையாத கையை நீட்டினாள்.