கேட்டிலேயே பறிமுதல்

எருத்தேன்பதி பள்ளிக்கூடத்தில் ‘ஆரோக்கியக் குழந்தை’ திட்டம் தொடங்கி ஒரு வருடம். முறுக்கு, வடை, பப்ஸ் எது வந்தாலும் கேட்டிலேயே பறிமுதல். பிள்ளைகளுக்குச் சுண்டலும் ஓட்டமும்தான். திட்டத்தின் மகிமையை அளக்க, பள்ளியில் ஒருவர் விடாமல் எடை பார்க்க வந்திருந்தார் நர்ஸ் ராஜஸ்ரீ.

எல்லோருக்கும் எடை இறங்கியிருந்தது. தங்கதுரை ஏறியதும்தான் முள் பாய்ந்தது.

“ஸ்கூலே இளைச்சிருக்கு, இங்க மட்டும் ஏறிண்டே போறதே! ஆத்துல என்ன கொடுக்கறேள்?”

அருகில் நின்ற கமலாத்தாள் பதறினாள். “ராயிக் களியும் மோருந்தானுங்க. எண்ணெய்ச் சட்டிய அடுப்புல வெச்சே வருசமாச்சுங்க.”

“நன்னா ஓடறதுண்டா?”

“பொழுதுக்கும் கிரவுண்டுலதானுங்க. ஊட்டுக்கு வந்தாப் பசியே கெடையாதுங்க. களியக் கண்டாலே மூஞ்சி சுளிப்புத்தான்.”

“அப்போ தைராய்டாத்தான் இருக்கும். டெஸ்ட் பண்ணிடுங்கோ.”

கமலாத்தாளுக்குக் கண் கலங்கிவிட்டது. தங்கதுரையின் தலை இன்னும் குனிந்தது.

வரிசையில் நின்ற ஐந்தாம் வகுப்பு கௌசிகாவுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை.

“பி.டி. சார், கேட்டுல நீங்க புடுங்குன முறுக்கு போனாப் போகுதுங்க. எவர்சில்வர் டப்பாவையாச்சும் குடுத்துருங்க. அம்மா தெனமும் திட்டுதுங்க.”

கமலாத்தாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எடை மெஷின் மேல் நின்ற புருஷனை நிமிர்ந்து பார்த்தாள்.

“ஏனுங்க, அப்ப... திட்டத்த நல்லா நடத்துனதுக்குப் பரிசுன்னு ஊட்டுக்குக் கொண்டாந்து அடுக்குனீங்களே, அந்த டப்பா அத்தனையும்?”